காலி நாற்காலியை வைத்துப் போலந்துப் பேராயர்களின் கதையைச் சொல்வது எப்படி?

உதகை காந்தலில் பதினெட்டு வருடமாக ஞாயிறு மறைக்கல்வி எடுக்கிறேன். ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள். முதல் தடவை போலந்துப் பேராயர்களைப் பற்றிச் சொல்லப் போனபோது கரும்பலகை நிறையப் பெயர்களை எழுதிப் போட்டேன். அடுத்த வாரம் ஒரு பிள்ளைக்கும் ஒரு பெயர்கூட நினைவில்லை. அப்புறம் முறையை மாற்றினேன். உங்கள் பங்கில் இந்தப் பாடத்தை எடுக்கப் போகிறீர்கள் என்றால் இப்படிச் செய்து பாருங்கள்.

பூசை முடிந்து பிள்ளைகள் டீயும் வர்க்கியும் சாப்பிட்டு வருவதற்குள் ஹாலின் நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டுவிடுங்கள். யாரையும் அதில் உட்கார விடாதீர்கள். "யாருக்கு டீச்சர்?" என்று கேட்பார்கள். அப்போதைக்குப் பதில் சொல்ல வேண்டாம்.

திருத்தந்தை இரண்டாம் ஜான் பாலிலிருந்து தொடங்காதீர்கள். (வீட்டில் பாட்டிமார் இரண்டாம் அருள் சின்னப்பர் என்பார்கள். இரண்டு பெயரும் ஒருவருக்குத்தான் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.) அவரிடமிருந்து தொடங்கினால் அவருக்கு முந்தைய ஆயிரம் வருடம் பிள்ளைகள் காதில் ஏறாது. க்னியெஸ்னோ என்ற ஊரிலிருந்து தொடங்குங்கள். 966ல் போலந்தை ஆண்ட மியெஷ்கோ திருமுழுக்குப் பெற்றார். 997ல் பிரஷ்ய மக்களிடம் நற்செய்தி சொல்லப் போன ஆயர் அடல்பர்ட் கொல்லப்பட்டார். அவர் உடலைக் க்னியெஸ்னோவில் வைத்தார்கள். 1000ல் அங்கே உயர்மறைமாவட்டம் உருவானது. முதல் பேராயர், அடல்பர்ட்டுக்கு வேறு தாய் வழியில் தம்பியான கௌதென்சியுஸ். திருச்சிலுவையின் துண்டு இருப்பதால்தானே நம் காந்தல் குருசடிக்கு எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள்? க்னியெஸ்னோவின் பெருமையும் அந்தக் கல்லறையில் தொடங்கியதுதான் என்றால் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

தனிஸ்லாஸ் என்ற பெயரையும் இங்கேயே தெளிவுபடுத்துங்கள். நம் தாத்தாக்கள் பலருக்கு அந்தப் பெயர் உண்டு. 1079ல் அரசரின் கையால் மாண்டவர் கிராக்கோவ் ஆயர் தனிஸ்லாஸ். 1568ல் பதினேழு வயதில் ரோமில் இறந்த இயேசு சபை இளைஞர் தனிஸ்லாஸ் கோஸ்த்கா வேறொருவர்.

இப்போது நாற்காலிக்கு வாருங்கள். 15ஆம் நூற்றாண்டிலிருந்து க்னியெஸ்னோ பேராயருக்கு நாட்டின் முதன்மைப் பேராயர் என்ற பட்டம் உண்டு. 1572ல் அரசர் இரண்டாம் சிகிஸ்மந்து வாரிசில்லாமல் இறந்தார். அடுத்த அரசரைப் பிரபுக்கள் கூடித் தேர்ந்தெடுக்க வேண்டும். அதுவரை அரசரின் இடத்தில் இருந்தவர் முதன்மைப் பேராயர் யாக்குப் உச்சான்ஸ்கி. அப்புறம் அரசர் இறக்கும்போதெல்லாம் இதுவே வழக்கமானது. நாற்காலியைக் காட்டி, "அரசர் இல்லாதபோது யார்?" என்று கேளுங்கள். அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

1795ல் நாடே வரைபடத்திலிருந்து மறைந்தது. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் பங்கு போட்டுக்கொண்டன. அரசர் இல்லை, நாடும் இல்லை, பேராயர் இருந்தார். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். பிரஷ்ய அரசின் திருச்சபைச் சட்டங்களுக்குப் பணியாத பேராயர் லெதுகோவ்ஸ்கியை 1874ல் சிறையில் அடைத்தார்கள். சிறையில் இருக்கும்போதே 1875ல் அவர் கர்தினால் ஆக்கப்பட்டார். பின்னாளில் ரோமில் மறைபரப்புப் பணிகளுக்கான பேராயத்தின், அதாவது நம்மைப் போன்ற நாடுகளின் மறைமாவட்டங்களைக் கவனித்த வத்திக்கான் துறையின், தலைவரானார். 1899ல் நம் கும்பகோணம் மறைமாவட்டம் உருவானபோது அந்தப் பொறுப்பில் இருந்தவர் அவர்தான். இதைச் சொன்னதும் கும்பகோணத்தில் மாமா வீடு இருக்கும் பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

பிறகு கர்தினால் விஷின்ஸ்கி. 1948ல் முதன்மைப் பேராயரானார். ஆயர்களை, குருக்களை நியமிப்பதில் கம்யூனிஸ்ட் அரசு கை வைத்தபோது "எங்களால் முடியாது" என்று மறுத்தார். 1953 செப்டம்பர் 25 இரவு கைது செய்தார்கள். மூன்று வருடம் நான்கு இடங்களில் காவல். 1956 ஆகஸ்ட் 26 அன்று செஸ்தகோவா மாதா திருத்தலத்தில் அவர் எழுதிக் கொடுத்த வாக்குறுதிகளை லட்சக்கணக்கான மக்கள் சேர்ந்து சொன்னார்கள். அவர் அங்கே இல்லை. அவருக்கான நாற்காலியில் ஒரு பூங்கொத்து இருந்தது.

இதைச் சொல்லும்போது நீங்களும் நாற்காலியில் பூ வையுங்கள். நான் குருசடிப் பக்கம் வேலியோரம் பூக்கும் நீலப் பூவைக் கொத்தாகப் பறித்து வருவேன். ஒவ்வொரு வருடமும் வகுப்பு அப்படியே அடங்கிவிடும். அந்த அமைதியைக் கலைக்காமல் ஒரு நிமிடம் சும்மா இருங்கள்.

அதற்கப்புறம்தான் கரோல் வோய்த்தீவா, அதாவது பின்னாளில் இரண்டாம் ஜான் பால் ஆனவர். அவர் கிராக்கோவ் பேராயர். க்னியெஸ்னோ நாற்காலியில் அவர் உட்கார்ந்ததே இல்லை. பலர் தவறுவது இங்கேதான். 1978 அக்டோபர் 16 அன்று திருத்தந்தையானார். ஆறு நாள் கழித்து, மரியாதை செலுத்த முன்னால் வந்து மண்டியிட்ட விஷின்ஸ்கியை எழுந்து கட்டிக்கொண்டார். அந்தப் படத்தைப் பெரிதாக அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முதலில் காட்டாதீர்கள், இந்த இடத்தில் காட்டுங்கள்.

"இப்போதும் முதன்மைப் பேராயர்தான் தலைவரா?" என்று யாராவது கேட்பார்கள். இல்லை. அது இன்று மரியாதைப் பட்டம். ஆயர் பேரவைக்குத் தனித் தலைவர் உண்டு. பட்டத்துக்குரியவர் க்னியெஸ்னோ பேராயர். 2014 முதல் வோய்சியெக் போலாக்.

வீட்டுப்பாடமாக வருடங்களைக் கொடுக்காதீர்கள். பூ வைத்த நாற்காலியை வரைந்து, அது யாருடையது என்று இரண்டு வரி எழுதி வரச் சொல்லுங்கள்.