ஒரே கோழிக் குழம்பில் இரண்டு காரம்

அப்பாவுக்குச் சுரீரென்று இருக்க வேண்டும், என் மகளுக்கோ காரமே ஆகாது. அதனால் குழம்பை முதலில் காரம் குறைத்தே வைப்பேன்.

ஒரு கிலோ கோழிக்கு மல்லித்தூள் 3 மேசைக்கரண்டி, காஷ்மீரி மிளகாய்த்தூள் 2 டீஸ்பூன். நல்ல சிவப்பு வரும், காரம் கம்மி. சின்ன வெங்காயத்தை அவசரப்படாமல் ஓரம் பொன்னிறமாகும்வரை வதக்குங்கள். காரம் குறைந்த குழம்புக்கு ருசியே அங்கேதான் இருக்கிறது. இதில் சோம்பல்பட்டால் சப்பென்று போய்விடும். கறி வெந்ததும் கெட்டித் தேங்காய்ப்பால் ஊற்றி, நுரை கட்டும்போதே இறக்குங்கள்.

சரி, மகளுக்கு எடுத்து வைத்தாயிற்று. அப்புறம் தாளிப்புக் கரண்டியில் நல்லெண்ணெய் காய்ச்சி, கிள்ளிய குண்டு மிளகாய் நாலு, கறிவேப்பிலை போடுங்கள். மிளகாய் கருகக் கூடாது, கருகினால் கசக்கும். அடுப்பை அணைத்தபிறகு, இடித்த மிளகு ஒரு ஸ்பூன். அதை மீதிக் குழம்பில் கொட்டி ஐந்து நிமிடம் மூடுங்கள். மிளகாயின் காரம் எண்ணெயில் கரைவதால் குழம்பு முழுக்க இறங்கிவிடும். மிளகாய் நாக்கைச் சுடும், மிளகு தொண்டையில் பிடிக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் அப்பா இன்னொரு கரண்டி கேட்பார்.

காரம் பழகுகிறவர்கள் மிளகாயைக் கீறி உள்ளே இருக்கும் வெள்ளைத் தண்டை எடுத்துவிடுங்கள். காரம் அதில்தான் அதிகம், விதையில் இல்லை. வாய் எரிந்தால் தண்ணீர் குடிக்காதீர்கள், ஒரு கரண்டி தயிர் போதும்.