சிறுநீரகம் மாற்றிய பின் ஈறு தடித்தால்: செய்யக்கூடாதவை

சிறுநீரகம் மாற்றிக்கொண்டு பாம்பனுக்கோ தொண்டிக்கோ ஊர் திரும்பிய சிலருக்கு, ஓரிரு மாதங்களில் முன்பல் இடுக்குகளில் ஈறு மொட்டு மொட்டாகத் தடிக்கத் தொடங்கும். பெரும்பாலும் வலிக்காது, மெல்லப் பல்லின் மேலேறி மூடும். இது, புதுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் இருக்கத் தரும் சைக்ளோஸ்போரின் மருந்தின் பக்கவிளைவு. இரத்தக்கொதிப்புக்குத் தரும் அம்லோடிபினோ நிஃபெடிபினோ கூடச் சேர்ந்தால் தடிப்பு இன்னும் கூடும். அதே வேலைக்குத் தரும் இன்னொரு மருந்தான டாக்ரோலிமஸ் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு.

ஈறைப் பார்த்துப் பயந்து மாத்திரையைத் தாமாகக் குறைப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. தடித்த ஈறைச் சரிசெய்துவிடலாம். உடல் நிராகரித்த சிறுநீரகத்தை மீட்பது கடினம். வேறு மருந்துக்கு மாற்றலாமா என்பதை, இரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்து, அறுவைசிகிச்சை செய்த மருத்துவக் குழுவே முடிவுசெய்ய வேண்டும். மதுரைக்குப் போகும் அடுத்த பரிசோதனை வரை காத்திருக்காமல் போனிலேயே சொல்லிவிடுங்கள். மருந்தை மாற்றினாலும் ஈறு வடியச் சில மாதங்கள் பிடிக்கும்.

மெடிக்கலில் "ஈறு வலி" என்று சொல்லி மாத்திரை வாங்குவது அடுத்த ஆபத்து. டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் இரண்டும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கிருமிக்கொல்லிகளான எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், பூஞ்சை மருந்தான ஃப்ளூகோனசோல் ஆகியவை சைக்ளோஸ்போரினும் டாக்ரோலிமஸும் கல்லீரலில் சிதைவதைத் தடுக்கும். அதனால் இரத்தத்தில் அவற்றின் அளவு ஏறி, கை நடுங்கும், சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவான கிரியேட்டினின் இரத்தத்தில் உயரும். பம்பளிமாஸ் பழமும் இதே வேலையைச் செய்யும். வலிக்குப் பாராசிட்டமால், அதுவும் மருத்துவர் சொன்ன அளவில்.

இரத்தம் கசிகிறதே என்று பிரஷை விட்டுவிடுவார்கள். தடிப்பைத் தூண்டுவது மருந்து. அதை வளர்ப்பது பல்லில் படியும் அழுக்குப் படலம். மென்மையான பிரஷை ஈறு ஓரத்தில் 45 பாகை சாய்த்து, காலையும் இரவும் 2 நிமிடம் தேய்க்க வேண்டும். மீன் சாப்பிட்ட பிறகு இடுக்கில் சிக்குவதைக் குண்டூசியால் குத்தி எடுக்காதீர்கள். இடுக்குப் பிரஷ் இருக்கிறது. கல் உப்பும் கரியும் வைத்துத் தேய்த்தால் ஈறு புண்ணாகும். நோய் எதிர்ப்பைக் குறைத்து வைத்திருக்கும் உடலில் சிறு புண்ணும் எளிதில் சீழ் பிடிக்கும். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி வாய்க்கழுவி எழுதிக் கொடுத்தால், பேஸ்ட் போட்டு 30 நிமிடம் கழித்துக் கொப்பளியுங்கள். பேஸ்டின் நுரைப்பொருள் அதன் வேகத்தைக் குறைத்துவிடும். மாதக்கணக்கில் தொடர்ந்தால் பல்லில் கறை ஏறும்.

கடலுக்குப் போகிறவர்கள் சைக்ளோஸ்போரின் கேப்சூலை அட்டையிலிருந்து பிரித்துச் சட்டைப்பையில் வைக்கக்கூடாது. வெயிலும் ஈரக்காற்றும் அதைக் கெடுக்கும். சாப்பிடும் நேரத்தில் அட்டையை உடைத்தால் போதும். இரு வேளை மாத்திரைக்கும் இடையே 12 மணி நேர இடைவெளி படகிலும் மாறக்கூடாது.

பல் மருத்துவரிடம் போகும்போது மாத்திரைச் சீட்டு முழுவதையும் கொண்டுபோக வேண்டும். அதை மறைத்துப் பல் பிடுங்கிக்கொள்வது ஆபத்து. மாற்று அறுவைக்குப் பின் முதல் சில மாதங்களில் அவசரமில்லாத பல் வேலை எதுவும் வேண்டாம். ஈறை வெட்டி எடுத்தாலும், மருந்தும் அழுக்கும் அப்படியே இருந்தால் மறுபடி வளரும். அதனால் முதலில் பல் சுத்தம், பிறகுதான் வெட்டு.

ஒரே பக்கம் மட்டும் தடித்தாலோ, கல்போல் இறுகினாலோ, 2 வாரம் ஆறாத புண் இருந்தாலோ, மருந்தால் வந்ததுதான் என்று விட்டுவிடாதீர்கள். இந்த மருந்துகள் புற்றுநோய் வாய்ப்பையும் கூட்டும். வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்களுக்கு அது இன்னும் அதிகம். சதைப் பரிசோதனை செய்யச் சொல்லி நீங்களே கேளுங்கள்.