ஜாக்கெட் பிட்டில் மிஞ்சியதை வைத்து ஒரு சுருக்குப்பை: மிஷின் இல்லாமல் தையல் பழகலாம்

ஜாக்கெட் தைக்கக் கொடுத்தால், மிஞ்சின துணியையும் சுருட்டிக் கூடவே கொடுத்துவிடுவார் எங்கள் தெரு டெய்லர் அண்ணன். கழுத்து வெட்டியதில் விழுந்த அரைவட்டம், கை வெட்டியதில் பிறை மாதிரி வளைந்த துண்டு, கரையோடு ஒரு நீளப் பட்டை. எங்கள் வீட்டில் அதெல்லாம் பீரோ அடித்தட்டில் ஒரு கவரில் சேர்ந்துகொண்டே இருந்தது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கவர் இருக்கும். தையல் பழக ஆசைப்படுகிறவர்களிடம் நான் முதலில் அந்தக் கவரைத்தான் எடுத்து வரச் சொல்வேன்.

மீட்டர் இருநூறு, முந்நூறு கொடுத்துப் புதுத்துணி வாங்கி, எடுத்த எடுப்பில் சுடிதார் வெட்ட உட்கார்ந்தால் கத்தரி வைக்கும்போதே கை நடுங்கும். துண்டுத்துணியில் அந்தப் பயம் இல்லை. கோணலாகப் போனால் பிரித்துத் திரும்பத் தைக்கலாம். கெட்டே போனாலும் மேஜை துடைக்க ஆகும்.

மிஷினும் இப்போதைக்கு வேண்டாம். கையால் தைக்கும்போதுதான் துணி எங்கே இழுக்கிறது, நூல் எங்கே சுருங்குகிறது என்று விரலுக்குத் தெரியவரும். இங்கே நான் சொல்லப்போகும் எல்லாவற்றையும் கையாலேயே தைத்துவிடலாம்.

கையில் இருக்க வேண்டியவை

பல அளவு ஊசிகள் கலந்த ஒரு பாக்கெட், இரண்டு மூன்று நிறத்தில் நூல்கண்டு, இஞ்ச் டேப், குண்டூசி, ஊக்கு, ஒரு நேரான ஸ்கேல். கோடு போட டெய்லர் சாக் இருந்தால் நல்லது. இல்லையென்றால் தேய்ந்து காய்ந்த சோப்புச் சில்லு போதும். கருநிறத் துணியில் பளிச்சென்று விழும், அலசினால் போய்விடும்.

கத்தரி மட்டும் துணிக்கென்று தனியாக இருக்கட்டும். பால் கவரும் காகிதமும் வெட்டுகிற கத்தரி சீக்கிரம் மழுங்கிவிடும். மழுங்கிய கத்தரி துணியை வெட்டாமல் மெல்லும்.

இன்னொன்று அயர்ன் பாக்ஸ். புதிதாகப் பழகுகிற பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். மடிப்பைத் தேய்த்துவிட்டுத் தைத்தால் துணி சொன்னபடி நிற்கும். தேய்க்காமல் தைத்தால், எவ்வளவு பொறுமையாகத் தைத்தாலும் ஓரம் பாம்பு மாதிரி நெளியும்.

வெட்டுவதற்கு முன்

முதல் வேலை நனைத்துக் காயவைப்பது. பருத்தித் துணி முதல் தண்ணீரில் கொஞ்சம் சுருங்கும், சில துணியில் சாயமும் போகும். சிவப்புச் சுங்குடித் துண்டை நனைக்காமலே வெள்ளை லைனிங்கோடு சேர்த்து ஒரு பை தைத்தேன். முதல் துவைப்பிலேயே வெள்ளை முழுக்க ரோஸ் கலராகிவிட்டது. இரண்டு மாலைப்பொழுது உட்கார்ந்து தைத்த பை அது. அதற்குப் பிறகு புதுத்துணி எதுவானாலும் பக்கெட்டைப் பார்த்த பிறகுதான் கத்தரியைப் பார்க்கும்.

அடுத்தது, துணி பருத்திதானா என்று தெரிந்துகொள்வது. ஓரத்திலிருந்து நாலைந்து இழையை உருவி, ஒரு தட்டின்மேல் இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து, மிருதுவான சாம்பலாக உதிரும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். பழகுவதற்குப் பருத்திதான் நல்லது. பாப்ளின், டூ பை டூ ஜாக்கெட் துணி, கைத்தறிச் சேலைத் துண்டு எல்லாம் ஊசிக்கு இணங்கி வரும். ஷிஃபான், சாட்டின் எல்லாம் வழுக்கும். கை பழகின பிறகு அவற்றைத் தொடலாம்.

மூன்றாவது, இழை பார்ப்பது. இதில் கொஞ்சம் நின்று போக வேண்டும். தறியில் நீளவாட்டில் ஓடுவது பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. துணியின் கரை பாவோடு சேர்ந்தே ஓடும். கரை இல்லாத துண்டு என்றால் இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். பாவு வாட்டில் இழுத்தால் அநேகமாக அசையாது. ஊடை வாட்டில் துளி கொடுக்கும். மூலைக்கு மூலை இழுத்தால் ரப்பர் மாதிரி நீளும். டெய்லர்கள் ‘கிராஸ்’ என்பது இதைத்தான். சதுரமாக அளந்து வெட்டிய துண்டு தைத்து முடிக்கும்போது கோணிக்கொண்டு நிற்கிறதென்றால், முக்கால்வாசி நேரம் துணி கிராஸில் வெட்டப்பட்டிருக்கும்.

நேராக வெட்ட எளிய வழி ஒன்று உண்டு. ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு கொடுத்து, அங்கே தெரிகிற ஒற்றை இழையை நகத்தால் பற்றி மெதுவாக உருவுங்கள். துணியில் முடி போல ஒரு மெல்லிய தடம் விழும். அதன்மேலேயே கத்தரியை ஓட்டினால் ஸ்கேலைவிட நேராக வரும். கைத்தறித் துணியில் இழை சுலபமாக உருவ வரும். பாப்ளினில் நடுவில் அறுந்துபோகும். அறுந்த இடம்வரை வெட்டிவிட்டு அங்கிருந்து மறுபடி உருவலாம்.

இரண்டே தையல்

ஊசியில் கோக்கும் நூல் ஒரு முழத்துக்கு மேல் வேண்டாம். நீளமாக விட்டால் முறுக்கிக்கொண்டு நடுவில் முடிச்சு விழும். இரட்டையாக்கி நுனியில் முடிச்சுப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஓட்டுத்தையல்: ஊசியை மேலும் கீழுமாக ஒரே சீராக ஓட்டுவது. பழைய சேலைகளை அடுக்கி வங்காளப் பெண்கள் தைக்கும் காந்தாவுக்கு அடிப்படையே இந்தத் தையல்தான். அவர்கள் நூலைக்கூடப் பழஞ்சேலைக் கரையிலிருந்தே உருவி எடுப்பார்கள். அத்தனை பெரிய வேலைக்குப் போதுகிற தையல், சூட்டுப் பாத்திரம் பிடிக்க நாம் முதலில் தைக்கப்போகும் கரித்துணிக்கும் போதும்.

பின்தையல்: இழுவை தாங்க வேண்டிய இடத்துக்கு இது. ஊசியை மேலே எடுத்து, ஒரு சீரகச் சம்பா அரிசி நீளம் பின்னால் போய்க் குத்தி, அடியில் இரண்டு அரிசி நீளம் முன்னால் வந்து மேலே எடுங்கள். அடுத்த குத்து, முன் தையல் முடிந்த அதே துளையில். மேல்பக்கம் பார்த்தால் மிஷின் தையல் போலவே இடைவெளி இல்லாமல் வரும். பழசான துணியில் ஓரடி நீளத்துக்கு இதை மட்டும் ஒரு நாள் தைத்துப் பாருங்கள். பாதி தூரத்திலேயே கை அளவைப் பிடித்துக்கொள்ளும்.

முதலில் ஒரு கரித்துணி

எட்டு இஞ்ச் சதுரத்தில் இரண்டு பருத்தித் துண்டு. உள்ளே வைக்க, பழைய ஈரிழைத் துண்டை அதே அளவில் நாலு மடிப்பாக வெட்டிக்கொள்ளுங்கள். இதில் கண்டிப்பாகப் பருத்தி மட்டும்தான். பாலியெஸ்டர் கலந்தால் சூட்டுப் பாத்திரத்தில் உருகிக் கையில் ஒட்டும்.

ஈரிழையை அடியில் விரியுங்கள். அதன்மேல் ஒரு துண்டு, நல்ல பக்கம் உங்களைப் பார்த்து. அதன்மேல் இன்னொன்று, நல்ல பக்கம் கீழே பார்த்து. மாட்டி வைக்க வளையம் வேண்டுமென்றால் நாலு இஞ்ச் நாடாவை இரண்டாக மடித்து, இந்த இரண்டு துண்டுக்கும் நடுவில் ஒரு மூலையில், மடிப்பு உள்ளே பார்க்கும்படி சொருகுங்கள். குண்டூசி குத்தி, ஓரத்திலிருந்து அரை இஞ்ச் உள்ளே சுற்றிலும் பின்தையல். ஒரு பக்கத்தில் மூன்று இஞ்ச் மட்டும் தைக்காமல் விடுங்கள்.

மூலைகளில் தையலுக்கு வெளியே மீந்திருக்கும் முக்கோணத்தைக் கத்தரியுங்கள். நூலைத் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விட்ட வாசல் வழியாக உள்ளதை வெளியே புரட்டி, மொண்ணைப் பென்சிலால் மூலைகளைத் தள்ளி, தேய்த்து, வாசலை உள்ளே மடித்துத் தைத்து மூடிவிடுங்கள். கடைசியாக மூலைக்கு மூலை ஓட்டுத்தையல் ஒரு பெருக்கல் குறி போல. துவைக்கும்போது உள்ளே இருக்கும் துணி ஒரு பக்கமாகச் சுருண்டு போகாமல் பிடித்துக்கொள்வது இந்தத் தையல்தான். ஈரமான கரித்துணியால் சூட்டுப் பாத்திரத்தைத் தூக்கவே கூடாது. ஈரம் சூட்டை உடனே கைக்குக் கடத்திவிடும்.

அடுத்து சுருக்குப்பை

பாட்டி இடுப்பில் செருகியிருந்த அதே பை. வெற்றிலை, பாக்கு, கசங்கிய பத்து ரூபாய் நோட்டு, எப்போதாவது நமக்கென்று ஒரு மிட்டாய். இன்றைக்கு இயர்போன், சார்ஜர், கொலுவுக்கு வருகிறவர்களுக்குத் தாம்பூலம் என்று எதற்கும் ஆகிறது. பழகுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. நேர்தையல், மடிப்பு, நாடா கோக்கிறது என மூன்றும் இந்த ஒரு சின்னப் பையிலேயே வந்துவிடுகிறது.

எட்டு இஞ்ச் அகலம், பத்து இஞ்ச் உயரத்தில் இரண்டு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். உயரம் பாவு வாட்டில் இருக்கட்டும். கட்டுவதற்குப் பாவாடை நாடா, 24 இஞ்சில் இரண்டு.

1. இரண்டு துண்டையும் நல்ல பக்கம் ஒன்றையொன்று பார்க்கும்படி அடுக்குங்கள். மேல் ஓரத்திலிருந்து இரண்டரை இஞ்ச் கீழே, இரண்டு பக்கமும் சாக்கால் ஒரு புள்ளி வையுங்கள். இந்தப் புள்ளிதான் முக்கியம். இதை மறந்து மேல்வரை தைத்துவிட்டால் நாடா நுழைய வழி இருக்காது.

2. ஒரு பக்கப் புள்ளியில் தொடங்கி, அரை இஞ்ச் உள்ளே தள்ளிப் பின்தையல். கீழே இறங்கி, அடிப்பக்கம் ஓடி, மறுபக்கப் புள்ளியில் முடியுங்கள். தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் ஒரே இடத்தில் மூன்று குத்துக் குத்திக் கெட்டிப்படுத்துங்கள். நாடா இழுக்க இழுக்க இந்த இடம்தான் முதலில் கிழியும்.

3. புள்ளிக்கு மேலே தைக்காமல் நிற்கும் நாலு ஓரத்தையும் அரை இஞ்ச் உள்பக்கம் மடித்துத் தேய்த்து, ஓட்டுத்தையலில் படியவையுங்கள்.

4. இப்போது வாய். முன்துண்டின் மேல் ஓரத்தை உள்பக்கமாகக் கால் இஞ்ச் மடித்துத் தேயுங்கள். அதை இன்னும் ஒரு இஞ்ச் மடித்துத் தேயுங்கள். அந்த மடிப்பின் கீழ்விளிம்பை ஒட்டிப் பின்தையல். பின்துண்டுக்கும் இதேபோல். நாடா ஓட இரண்டு குழாய் தயார். இரண்டையும் சேர்த்துத் தைத்துவிடாதீர்கள், வாய் மூடிக்கொள்ளும்.

5. அடிமூலைகளைக் கத்தரித்து, பையைப் புரட்டுங்கள்.

6. நாடா நுனியில் ஊக்கைக் குத்தி, பாவாடைக்குக் கோக்கிற மாதிரியே தள்ளிக்கொண்டு போங்கள். முதல் நாடா இடப்பக்கம் நுழைந்து, முன்குழாய் வழியாக வலப்பக்கம் வந்து, பின்குழாய் வழியாக இடப்பக்கமே திரும்பட்டும். இரண்டு நுனியையும் சேர்த்து முடிச்சு. இரண்டாவது நாடா வலப்பக்கம் நுழைந்து, ஒரு சுற்றுச் சுற்றி வலப்பக்கமே திரும்பட்டும்.

இரண்டு முடிச்சையும் பிடித்து ஒரே நேரத்தில் எதிரெதிர்ப் பக்கம் இழுங்கள். வாய் ‘சுருக்’கென்று மூடுகிற அந்த நொடிக்காகவே இன்னொரு பை தைக்கத் தோன்றும். ஒரு பக்கம் மட்டும் சுருங்கி மறுபக்கம் அடம்பிடித்தால், குழாயின் மடிப்பு ஒரு இடத்தில் ஒடுங்கியிருக்கிறது. அந்த இடத்தை மட்டும் பிரித்தால் போதும்.

உள்ளே இழை பிரிந்து தும்பு வருகிறதா? வெட்டு ஓரங்களை ஊசியால் சுற்றிச் சுற்றித் தைத்துவிட்டால் நிற்கும்.

இதே முறையில் அளவை மட்டும் 12க்கு 15 ஆக்கி, நாடாவை 34 இஞ்சாக வெட்டி, பழைய வேட்டியில் தைத்தால் காய்கறிப் பை. கறிவேப்பிலையும் பச்சைமிளகாயும் ஃப்ரிட்ஜில் இதில்தான் வைக்கிறேன். பிளாஸ்டிக் கவரில் வேர்த்து அழுகுகிற மாதிரி இதில் ஆவதில்லை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் வந்தது. ஆனாலும் சந்தைக்குக் கிளம்பும்போது பை கையில் இருந்தால்தானே. நாலைந்து தைத்துக் கதவுக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி வையுங்கள்.

நீளப் பட்டை மிஞ்சினால்

கரையோரம் விழுகிற பட்டையில் தலைமுடிக்கு ஸ்க்ரஞ்சி. 4க்கு 20 இஞ்ச் துண்டை நல்ல பக்கம் உள்ளே இருக்க நீளவாட்டில் மடித்து, ஓரமாகத் தைத்துக் குழாயாக்கி, ஊக்கை வைத்துப் புரட்டுங்கள். எட்டு இஞ்ச் எலாஸ்டிக்கைக் கோத்து முடிச்சிட்டு, குழாயின் ஒரு வாயை உள்ளே மடித்து மறுவாயை அதில் சொருகித் தையுங்கள். அரை மணி நேர வேலை.

வெட்டி விழுந்த சில்லுகளைப் பெருக்கிக் கொட்டிவிடாதீர்கள். நாலு இஞ்ச் சதுரத்தில் இரண்டு துண்டைக் கரித்துணி மாதிரியே வாசல் விட்டுத் தைத்துப் புரட்டி, அந்தச் சில்லுகளையும் நூல் துண்டுகளையும் கெட்டியாகத் திணித்து வாசலை மூடுங்கள். ஊசி குத்தி வைக்க மெத்தை ஆயிற்று. இனி ஊசியைப் பாய் ஓரத்தில் குத்தி வைத்துவிட்டுத் தேட வேண்டியதில்லை.