வண்டி மாட்டை யார் அவிழ்க்கிறார் என்று பாருங்கள்

பேத்திக்கு வரன் பார்க்கிறார்கள். போனிலேயே போட்டோ வருகிறது, ஜாதகம் வருகிறது, சம்பளச் சீட்டுகூட வருகிறது. "உங்க காலத்துல எப்படி ஆத்தா மாப்பிள்ளை பாத்தீங்க?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதுதான் இது.

முதலில் கூட்டம், அதாவது குலப் பிரிவு, கேட்க வேண்டும். எங்கள் கொங்கு வெள்ளாளக் கவுண்டர் வீடுகளில் ஜாதகத்துக்கும் முன்னால் அதுதான். நாங்கள் காடை கூட்டம். வருகிறவரும் காடை என்றால், முன்பின் பார்க்காத கரூர்க்காரராக இருந்தாலும் பங்காளி. பொண்ணுக்கு அண்ணன் முறை. காபியைக் குடித்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். ஓதாளன், கண்ணந்தை என்று வேறு கூட்டமாக இருந்தால்தான் பேச்சு மேலே போகும். தாய்மாமன் வீட்டில் கட்டும் வயதில் பையன் இருந்தால் அங்கே ஒரு வார்த்தை கேட்காமல் வெளியே வாய் திறக்கக் கூடாது. எங்கள் அப்பா அதை மறந்துவிட்டார். மாமன் இரண்டு வருசம் எங்கள் வாசலை மிதிக்கவில்லை.

அடுத்தது விசாரிப்பு. பையன் ஊரில் கேட்டால் நல்லதைத்தான் சொல்வார்கள். அதனால் அப்பாரு, அதாவது என் தாத்தா, கண்ணபுரம் மாட்டுச் சந்தையில், அந்த வீட்டோடு மாடு கொடுத்து வாங்கியவரைத் தேடிப் பிடிப்பார். பேசிய விலையில் நின்றார்களா என்று கேட்பார். அப்புறம் ஏதோ வழியில் போகிறவர் மாதிரி தோட்டத்துக்கே போய்விடுவார். வீடு ஓட்டு வீடா, கூரை வீடா என்று பார்க்க மாட்டார். நேரே மாடு கட்டும் கட்டுத்தரைக்குத்தான். காளையின் கழுத்தில் நுகத்தடிப் புண் இருந்தால் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிவிடுவார். மாட்டை அப்படி ஓட்டுகிறவன் பொண்ணை என்ன பண்ணுவானோ என்பது அவர் கணக்கு.

பொண்ணு பார்க்க வரும் நாளில் அடுப்படியில் இடம் பார்த்து நில்லுங்கள். என்னைப் பார்க்க வந்த அன்றைக்கு ஒரம்பரைக்கு, அதாவது விருந்தாளிகளுக்கு, இடியாப்பம் மாதிரிச் சந்தகை. அவித்த மாவைச் சூட்டோடு போட்டு நான் அச்சில் அழுத்த, எங்கள் ஆத்தா கீழே தட்டில் வாங்கிக்கொண்டிருந்தார். சன்னலில் வாசல் தெரிந்தது. சவாரி வண்டி வந்து நின்றது. பெரியவர்கள் திண்ணை ஏறிவிட்டார்கள். மாப்பிள்ளை மட்டும் காளைகளை அவிழ்த்து, வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோய்த் தொட்டியில் தண்ணீர் காட்டிவிட்டு, அதற்கப்புறம்தான் தன் சொம்பை வாங்கினார். "அழுத்து கண்ணு, ஆறிருச்சுன்னா எறங்காது" என்று ஆத்தா அதட்டினார்.

பொண்ணிடம் சம்மதம் கேட்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அது தப்புதான். சொல்ல நினைத்தால் ஆத்தாவின் காதில் போட வேண்டும். ராத்திரி சோறு போடும்போது அது அப்பாருக்குப் போய்ச் சேரும். நானும் போட்டேன்.

கடைசியில் பூக் கேட்பது. வெள்ளை அரளியையும் சிவப்பு அரளியையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி, குலதெய்வத்தின் முன்னால் வைத்து, ஒரு சின்னக் குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சரி. என் தங்கை எடுத்தாள். சிவப்பு.

அப்பாரு என்னை ஒரு பார்வை பார்த்தார். "காத்துல பொட்டலம் நகுந்திருச்சு, மறுக்கா வைங்க" என்றார். இரண்டாவது தடவை வெள்ளை. அந்த வாரமே உப்புச் சர்க்கரை மாற்றி நிச்சயம் பண்ணினார்கள்.