ரோபோ வீடியோவை எடைபோடுவது எப்படி?

தாம்பரம் மின்சார ரயிலில் குட்டிக்கரணம் அடிக்கும் ரோபோவின் வீடியோ கைமாறும்போது, ‘இனி நம் வேலை போச்சு’ என்று ஒருவரும் ‘எல்லாம் கிராபிக்ஸ்’ என்று மற்றவரும் சொன்னால், இரண்டையும் நம்புவதற்கு முன், காட்சியின் வேகம் கூட்டப்பட்டிருக்கிறதா, நடுவில் வெட்டு விழுந்திருக்கிறதா, ஓரத்தில் ரிமோட்டுடன் யாரேனும் நிற்கிறாரா என்று பாருங்கள். பாஸ்டன் டைனமிக்ஸ் நிறுவனத்தின் மனித வடிவ ரோபோவான அட்லஸ் 2017-லேயே பின்புறக் குட்டிக்கரணம் அடித்துவிட்டது. 2025 ஏப்ரலில் பெய்ஜிங் அரை மாரத்தானில் (சுமார் 21 கி.மீ.) ரோபோக்களில் முதலாவதாக வந்த தியாங்கோங், சுமார் 2 மணி 40 நிமிடம் ஓடியது. வழியில் ஒருமுறை விழுந்தது, பேட்டரியும் மாற்றப்பட்டது. குட்டிக்கரணமும் ஓட்டமும் ரோபோவுக்குப் புதிதல்ல; ஆகவே கால்களைவிடக் கைகளையே கவனியுங்கள்: பழக்கமில்லாத சமையலறையில் ஈரமான எவர்சில்வர் டம்ளரை நழுவவிடாமல் எடுத்து அடுக்குவது, ஒத்திகை பார்த்த சாகசத்தைவிடக் கடினம். அஞ்சுபவரைக் கேலி செய்யாதீர்கள். கார் ஆலைகளில் ரோபோக் கைகள் வெல்டிங் செய்வதை அன்றாடம் காணும் ஸ்ரீபெரும்புதூர்த் தொழிலாளியின் அச்சம் (கிராபிக்ஸ் என்று தள்ளிவிடுபவரின் அலட்சியத்தைப் போலன்றி) அனுபவத்தில் பிறந்தது.