நோயாளியின் மூச்சும் வென்டிலேட்டரின் மூச்சும்: படுக்கையருகில் கண்காணிக்கும் முறை

தீவிர சிகிச்சைப் பிரிவில் வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளி, தசைகளைச் செயலிழக்க வைக்கும் மருந்து தரப்படாத வரை, பெரும்பாலும் தாமாகவும் மூச்சை இழுக்க முயன்றுகொண்டே இருப்பார். அவருடைய மூளை மூச்சைத் தொடங்கி முடிக்கும் நேரமும் கருவி காற்றைத் தந்து நிறுத்தும் நேரமும் பொருந்தாமல் போவதையே ஒத்திசைவின்மை என்கிறோம். இதை எச்சரிக்கை மணி சொல்லும் என்று காத்திருக்கக் கூடாது. ஆக்சிஜன் அளவும் இரத்த அழுத்தமும் சீராகத் தெரியும் நேரத்திலேயே அவர் இழுக்கும் மூச்சுகளில் பல வீணாகிக்கொண்டிருக்கலாம். 2006இல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வில், 62 நோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இது மிகுதியாக இருந்தது. அவர்கள் கருவியைச் சார்ந்திருந்த நாட்களும் கூடுதலாக இருந்தன.

1952இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, மருத்துவ மாணவர்கள் முறை வைத்து ரப்பர் பையைக் கையால் அழுத்தி நோயாளிகளுக்கு மூச்சுக் கொடுத்தார்கள். பையைப் பிடித்த கைக்கு நோயாளி எப்போது இழுக்கிறார், எப்போது எதிர்க்கிறார் என்பது உடனே தெரிந்துவிடும். இன்று அந்த உணர்வைத் திரையிலுள்ள அலைவடிவங்களில்தான் தேட வேண்டியிருக்கிறது. ஆனாலும் திரையைப் பார்க்கும் முன் நோயாளியைப் பாருங்கள் என்பதே என் உறுதியான அறிவுரை.

கழுத்துத் தசைகள் விடைக்கின்றனவா, மூக்குத் துவாரம் விரிகிறதா என்று கவனித்து, மேல்வயிற்றில் கையை மெதுவாக வைத்து, ஒரு முழு நிமிடம் அவருடைய முயற்சிகளை எண்ணுங்கள். பிறகு கருவி காட்டும் சுவாச எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். கையில் 28 வந்து திரையில் 20 இருந்தால், எட்டு முயற்சிகளுக்குக் கருவி பதில் தரவில்லை என்று பொருள். திரையில் கூடுதலாக இருந்து, அந்த எண்ணிக்கை நீங்கள் நிர்ணயித்த எண்ணிக்கையையும் தாண்டினால், குழாயில் தேங்கிய நீரோ காற்றுக் கசிவோ இதயத்துடிப்பின் அதிர்வோ கருவியை ஏமாற்றித் தூண்டுகிறதா என்று பார்க்க வேண்டும். நோயாளி திடீரெனத் திணறினாலோ ஆக்சிஜன் இறங்கினாலோ அலைவடிவ ஆராய்ச்சிக்கு நேரமில்லை. குழாய் நகர்ந்ததா, சளி அடைத்ததா, நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்ததா, கருவி பழுதா என்பவற்றை முதலில் தீர்க்க வேண்டும்.

அடுத்து, அழுத்தம், காற்றோட்டம் ஆகிய இரு அலைகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, மூச்சுகள் நெருக்கமாகத் தெரியாதபடி வேகத்தை மாற்றி, தேவையான இடத்தில் திரையை உறையவைத்துப் படியுங்கள். மிகவும் பரவலாகக் காணப்படுவது வீணான முயற்சி. வெளிமூச்சின்போது பூச்சியக் கோட்டுக்குக் கீழே இருக்கும் காற்றோட்ட அலை திடீரென மேல்நோக்கி எழுந்து மீண்டும் இறங்கும். அதே கணத்தில் அழுத்த அலையில் சிறு பள்ளம் விழும். ஆனால் புதிய மூச்சு வராது. நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிகளிடம் இது ஏன் அதிகம் என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். முழுதாக வெளியேறாத காற்றால் நுரையீரலுக்குள் 8 செ.மீ. நீர் அழுத்தம் சிக்கியிருக்க, மூச்சிறுதி அழுத்தமான பீப் பூச்சியத்தில் இருந்தால், அவர் அந்த எட்டையும் கடந்து இழுத்த பிறகுதான் கருவி மூச்சைத் தரத் தொடங்கும் வரம்பான டிரிக்கரையே எட்ட முடியும். பீப்பை 5 ஆக்கினால் கடக்க வேண்டியது 3 மட்டுமே. எனவே சிக்கிய அழுத்தத்தை எட்டாத அளவில் பீப் வைப்பதும், நோயாளி இழுக்கும் மூச்சுக்குத் துணையாகக் கருவி தரும் அழுத்த ஆதரவு தேவைக்கு மிஞ்சியிருந்தால் அதைக் குறைப்பதும், உள்மூச்சை நிறுத்தும் வரம்பை, உச்சக் காற்றோட்டத்தில் வழக்கமான 25 விழுக்காட்டிலிருந்து 40 அளவுக்கு உயர்த்தி வெளிமூச்சுக்கு நேரம் தருவதும் பயனளிக்கும். டிரிக்கரை மட்டும் மென்மையாக்குவது பல நேரங்களில் போதாது.

இரட்டை மூச்சு இதைவிட ஆபத்தானது. முதல் மூச்சு வெளியேறுமுன் இரண்டாவதும் வந்து, 60 கிலோ எடைக்குக் கிலோவுக்கு 6 மி.லி. வீதம் 360 மி.லி. என்று நிர்ணயித்த நோயாளியின் நுரையீரலில் ஏறத்தாழ 720 மி.லி. சேர்ந்துவிடலாம். பொதுவாக, கருவியின் உள்மூச்சு நேரம் நோயாளியின் தேவையைவிடக் குறைவாக இருப்பதே காரணம். அதை நீட்டிப் பார்க்க வேண்டும். ஆழ்ந்த மயக்கத்தில் இருப்பவரிடம் இதே வடிவம் தெரிந்தால் நிதானியுங்கள். அங்கே கருவி தந்த மூச்சே அனிச்சையாக உதரவிதானத்தைச் சுருங்கத் தூண்டியிருக்கலாம். 2013இல்தான் தீவிர சிகிச்சை நோயாளிகளிடம் தெளிவாக விவரிக்கப்பட்ட இந்தத் தலைகீழ்த் தூண்டலில், முதல் மூச்சு எப்போதும் கருவியின் நேரப்படியே தொடங்கும். நோயாளியின் முயற்சி அதன்பின் வரும். மயக்க மருந்தை மேலும் கூட்டுவது இதற்குத் தீர்வாகாமல் போகலாம். குறைப்பதே சிலருக்கு வழியாகிறது.

கொள்ளளவைக் கட்டுப்படுத்தும் முறையில் அழுத்த அலை நடுவில் குழிந்திருந்தால், அவர் கேட்கும் வேகத்தில் காற்று வரவில்லை; ஓட்டத்தை உயர்த்துங்கள். உள்மூச்சின் இறுதியில் அழுத்தம் கூர்மையாக எழும்பினால், அவர் மூச்சை விடத் தொடங்கிய பிறகும் கருவி ஊதிக்கொண்டிருக்கிறது.

அளவிடுவதற்கு எளிய குறியீடு உண்டு. பொருந்தாத நிகழ்வுகளின் எண்ணிக்கையை, கருவி தந்த மூச்சுகளும் வீணான முயற்சிகளும் சேர்ந்த மொத்தத்தால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். 20 மூச்சுகளும் 5 வீணான முயற்சிகளும் இருந்தால் விடை 20 விழுக்காடு. பத்தைத் தாண்டினாலே மிகுதி என்று கொள்வது வழக்கம். இந்நிகழ்வுகள் கொத்துக் கொத்தாக வருபவை என்பதால், ஒருமுறை எண்ணி நிம்மதி அடையாமல், ஒரு பணிநேரத்தில் பலமுறையும், சளி உறிஞ்சிய பின்னும், மருந்தோ அமைப்போ மாறிய பின்னும் எண்ண வேண்டும். நோயாளியின் முயற்சியை அழுத்தமாக அளக்கும் உணவுக்குழாய் பலூனோ உதரவிதான மின்னசைவை அறியும் குழாயோ இருந்தால் ஐயமான இடங்கள் தெளிவாகும். இல்லாத இடத்தில் கையும் கண்ணும் பெருமளவு உதவும்.

நோயாளி கருவியோடு போராடுகிறார் என்று கண்டவுடன் மயக்க மருந்தைக் கூட்டும் பழக்கத்தை நான் ஏற்பதில்லை. வலி, காய்ச்சல், நிரம்பிய சிறுநீர்ப்பை, இரத்தத்தில் அமில மிகுதி ஆகியவற்றைத் தேடி, கருவியின் அமைப்பை அவருக்கேற்ப மாற்றிப் பார்த்த பிறகே அந்த முடிவு வர வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, பத்து நிமிடம் கழித்து மீண்டும் எண்ணி, நேரம், கருவி இயங்கும் முறை, மாற்றத்துக்கு முந்தைய எண்ணிக்கை, பிந்தைய எண்ணிக்கை ஆகிய நான்கையும் குறிப்பேட்டில் எழுதிவைத்தால், அடுத்த பணிநேரத்துக்கு வரும் செவிலியர் அங்கிருந்தே தொடர முடியும்.