டேட்டிங் செயலியில் நீல டிக்: வாங்கும் வழியும், நம்பும் அளவும்

டேட்டிங் செயலியில் ப்ரொஃபைல் படம் உங்களுடையதுதான் என்று செல்ஃபி எடுத்துக் காட்டினால் கிடைப்பதுதான் நீல டிக். இந்த செல்ஃபி சரிபார்ப்பு தோற்றுவிட்டால் பலரும் செல்ஃபியையே திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டிருப்பார்கள். கோளாறு பெரும்பாலும் அங்கே இல்லை, ப்ரொஃபைலில் ஏற்கெனவே ஏற்றிவைத்த படங்களில் இருக்கும். செயலி பார்ப்பது இரண்டு விஷயங்களை. கேமராவுக்கு முன்னால் இருப்பது நிஜ ஆளா, அல்லது அச்சிட்ட படமா, இன்னொரு போனின் திரையா என்பது ஒன்று. அந்த முகமும் ப்ரொஃபைலில் உள்ள முகமும் ஒன்றா என்பது மற்றொன்று. இரண்டாவதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள்.

எனவே முதலில் படங்களைச் சரிசெய்யுங்கள். நீங்கள் மட்டும் இருக்கிற, முகம் நேராகத் தெரிகிற படம் இரண்டு மூன்றாவது வேண்டும். கூலிங் கிளாஸ், முகக்கவசம், நெற்றியை மறைக்கும் தொப்பி உள்ள படங்கள் ஒப்பிடுவதற்கு உதவாது. குழுப்படம் இருக்கலாம், ஆனால் முதல் படமாக வேண்டாம். கண்ணைப் பெரிதாக்கி, தாடையைச் சுருக்கும் ஃபில்டர் போட்ட படத்தைக் கண்டிப்பாக நீக்குங்கள். மனிதக் கண் அதை மன்னித்துவிடும், மென்பொருள் மன்னிக்காது. பல வருடம் பழைய படத்துக்கும் இதே கதிதான்.

பிறகு செல்ஃபிக்கு வாருங்கள். செயலியைப் புதுப்பித்து, போன் செட்டிங்ஸில் கேமரா அனுமதி கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள். முன்கேமராவின் லென்ஸைத் துணியால் துடையுங்கள். பியூட்டி மோட் இருந்தால் அணைத்துவிடுங்கள். வெளிச்சம் முகத்தில் விழும்படி ஜன்னலைப் பார்த்து நில்லுங்கள். ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் கருநிழலாகிவிடும். போனைக் கண் மட்டத்தில் பிடித்து, திரையில் தெரியும் வட்டத்துக்குள் முகம் முழுதும் அடங்கும்படி வைத்துக்கொண்டு, சொன்னபடி மெதுவாகத் திரும்புங்கள். பம்பிள் என்ற டேட்டிங் செயலி 2016இல் இந்தச் சரிபார்ப்பைக் கொண்டுவந்தபோது காட்டிய போஸைப் போலவே படம் எடுத்து அனுப்பச் சொன்னது. இன்னொரு செயலியான டின்டர் 2020இல் போஸ்களோடு தொடங்கி, பின்னர் வீடியோ செல்ஃபிக்கு மாறியது. இந்த செல்ஃபி ப்ரொஃபைலில் தோன்றாது, தலை கலைந்திருந்தாலும் கவலையில்லை.

நிராகரித்தால் உடனே மறுபடி முயலாமல், ஒரு படத்தையாவது மாற்றிவிட்டு முயலுங்கள். முகத்தின் அளவுகளை எவ்வளவு காலம் சேமித்துவைப்பார்கள் என்பது தனியுரிமைப் பக்கத்தில் இருக்கும். அதை டிக் வாங்குவதற்கு முன்பே படித்துவிடுவது நல்லது.

இனி அடுத்தவரின் டிக். படத்தில் இருப்பவரும் கணக்கைச் சரிபார்த்தவரும் ஒருவரே என்பதைத் தவிர அது எதையும் சொல்வதில்லை. பெயர், வயது, வேலை, மணமானவரா என்பதெல்லாம் அவர் தட்டச்சு செய்தவை. அடையாள அட்டையைச் சரிபார்ப்பது வேறு வசதி. டிக் வாங்கிய கணக்கு பிறகு கைமாறவும் கூடும்.

சந்தேகம் வந்தால் படத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, ஓரங்களை வெட்டி, படத்தைக் கொண்டு இணையத்தில் தேடும் கூகுள் லென்ஸிலும் டின்ஐயிலும் (TinEye) தேடுங்கள். டின்ஐ தேடுவது அதே படத்தைத்தான், அதே முகத்தை அல்ல. திருடிய படத்தை இடவலமாகத் திருப்பிப் போடுவது பழைய தந்திரம் என்பதால், திருப்பிவைத்தும் ஒருமுறை தேடுங்கள். வீடியோ அழைப்பில் முகத்துக்குக் குறுக்கே கையை அசைக்கவும், பக்கவாட்டில் முழுதாகத் திரும்பவும் சொல்லுங்கள். மென்பொருள் ஒட்டிய போலி முகம் அங்கே பிசிறடிக்க வாய்ப்புண்டு. பிசிறவில்லை என்பதால் மட்டும் நம்பிவிட வேண்டாம்.

எதிராளி “உங்கள் பாதுகாப்புக்கு இங்கே சரிபாருங்கள்” என்று ஒரு லிங்க் அனுப்பினால் அது மோசடி. இலவசம் என்று சொல்லி, கார்டு எண்ணை வாங்கி, மாதாமாதம் பணம் பிடிக்கும் இந்த வலையைப் பற்றி அமெரிக்காவின் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ 2024இல் எச்சரித்தது. உண்மையான சரிபார்ப்பு செயலிக்குள் உங்கள் ப்ரொஃபைல் பக்கத்திலிருந்துதான் தொடங்கும். கார்டு எண்ணைக் கொடுத்துவிட்டிருந்தால் உடனே வங்கியை அழைத்து கார்டை முடக்குங்கள். அந்த ஆளை அன்மேட்ச் செய்யும் (தொடர்பைத் துண்டிக்கும்) முன் உரையாடலை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் புகாரும் அனுப்பிவிடுங்கள், அன்மேட்ச் செய்தபின் உரையாடல் உங்கள் திரையிலிருந்து மறைந்துவிடும்.